கணினி விற்கும் அண்ணன்மாருக்கு, ஆடிக்கு முன் ஒரு மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மாருக்கும், சிஸ்டம் அசெம்பிள் செய்து தரும் தம்பிமாருக்கும்,

வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கும், தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் கணினி விற்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடி கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். ஸ்டுடியோக்காரர்கள் படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நிறம் திருத்தி, ஷீட் ஷீட்டாக அடுக்கி, அச்சடிக்கும் லேபுக்கு அனுப்ப வேண்டியது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

ஆனியோடு முகூர்த்தங்கள் ஓயும். ஆடியில் எங்களுக்கு வேலை கிடையாது. ஆவணி பிறந்துவிட்டால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதனால் என்னைப் போன்றவர்கள் புது சிஸ்டம் வாங்குவது பெரும்பாலும் ஆடியில்தான். நீங்களும் தள்ளுபடி போடுகிற மாதம். இந்த வருட ஆடி பிறப்பதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். விலை சொல்வதற்கு முன்னால் எங்களிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். என்ன வேலைக்கு வாங்குகிறோம், படம் கடைசியில் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பணத்தை முதலில் மானிட்டரில் போடச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019 ஆடியில் நான் பட்டது அப்படி. எடிட்டிங் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடைத் தம்பி, "அக்கா, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் பறக்கும்" என்று கொட்டேஷன் எழுத ஆரம்பித்துவிட்டார். கேம் ஆடுவதற்கான கார்டு, கேம் ஆடுவதற்கான 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே விளக்கெரியும் கேபினெட். ரேம் 8 ஜிபி. விண்டோஸ் போட எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க், 120 ஜிபி. மொத்தம் 60,000 ரூபாய்க்கு மேல். நான் ஒன்றும் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை.

அந்த மானிட்டர் டிஎன் பேனல். வேகமாக ஓடும் காட்சிக்கு ஏற்றது, நிறம் பார்ப்பதற்கு ஏற்றதில்லை. நாற்காலியில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் கருப்புக் கோட்டில் மடிப்பு தெரியும், நிமிர்ந்தால் மறைந்துவிடும். எது உண்மை என்று தெரியாமலே ஒரு மாதம் வேலை செய்தேன். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருந்ததால் திரையில் நீலம் ஓடியிருந்தது, வெளிச்சமும் முழு அளவில் இருந்தது. முகங்கள் வெளிறித் தெரிந்தன. நான் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினேன், சிவப்பைக் கொஞ்சம் கூட்டினேன், படம் பளிச்சென்றுதானே இருக்கிறது என்று வெளிச்சத்தைத் தொடாமல் விட்டேன்.

ஆவணியில் முதல் ஆல்பம் அச்சாகி வந்தது. பெண்ணின் அம்மா ஸ்டுடியோவில் அதைப் பிரித்ததும் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "என்னம்மா, எம் பொண்ணு மூஞ்சி மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" எல்லா முகமும் மஞ்சள், எல்லாப் படமும் ஒரு படி இருட்டு. வரவேற்பில் அந்தப் பெண் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் பட்டு. அசைவுக்கு அசைவு நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடுமே, அந்த நிறம். ஷீட்டில் அது வெறும் இங்க் நீலமாகக் கிடந்தது. கேமராவில் அது சரியாகத்தான் பதிவாகியிருந்தது. நான்தான் கெடுத்திருந்தேன், என் கண்ணுக்கு முன்னால் இருந்த திரையை நம்பி. 40 ஷீட்டையும் என் காசில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன்.

அன்று எனக்குத் தெரியாமல் போனதை இன்று கடைக்கு வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்லலாம். ஐபிஎஸ் பேனல் வேண்டும், அது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. எஸ்ஆர்ஜிபி என்பது 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த நிற அளவு. நான் படம் அனுப்பும் லேபுகள் எல்லாம் கேட்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான். அந்த அளவை முழுசாகக் காட்டும் மானிட்டர் எங்களுக்குப் போதும், அதைத் தாண்டி இன்னும் பெரிய நிற அளவான அடோபி ஆர்ஜிபி, 4கே என்று எங்களை இழுக்க வேண்டாம். 24 அங்குலத்தில் அப்படி ஒன்று 10,000 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கிறது. நான் விளக்கெரியும் கேபினெட்டுக்கும் கேம் மானிட்டருக்கும் கொடுத்த பணத்தில் அது தாராளமாக வந்திருக்கும்.

லேப்டாப் கேட்டு வருகிறவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். என்டிஎஸ்சி என்பது பழைய டிவி நிற அளவு. விவரத்தாளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால், எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட அந்தத் திரையில் வராது. அரக்கும் குங்குமச் சிவப்பும் அதில் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே எவ்வளவு நல்ல பிராசசர் இருந்தாலும் அதில் நிறம் பார்க்க முடியாது. வாங்குகிறவருக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது நினைவகம், அதாவது ரேம். எங்கள் வேலையின் கனம் பலருக்குப் புரிவதில்லை, அதனால் கணக்காகவே சொல்கிறேன். கரிஷ்மா என்கிற கல்யாண ஆல்பத்தில் ஒரு ஷீட் 12க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,600க்கு 10,800, கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கைத்தான் லேயர் என்போம், ஒரே ஒரு லேயருக்கே 110 எம்பிக்கு மேல் ஆகும். பின்னணி, பூ, நிழல், நான்கைந்து படங்கள் என்று பத்துப் பன்னிரண்டு லேயர் ஏறினால் ஒரு ஷீட் மட்டும் ஒரு ஜிபியை எட்டிவிடும். பின்னால் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளும் திறந்திருக்கும். 8 ஜிபி ரேம் அதைத் தாங்காமல், மீதியை போட்டோஷாப் எஸ்எஸ்டியில் எழுத ஆரம்பிக்கும், அந்த இடத்துக்குத்தான் ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். 120 ஜிபியில் விண்டோஸும் மென்பொருளும் போக அங்கே இடம் எங்கே இருக்கும்? ராத்திரி ஒரு மணிக்கு, காலையில் அனுப்ப வேண்டிய ஷீட் திறந்திருக்கும்போது, ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, சேமிக்க முடியவில்லை என்று செய்தி வரும். சேமிக்கவும் முடியாது, மூடவும் மனம் வராது. இரண்டு மணி நேர வேலையை அப்படிப் பல முறை இழந்திருக்கிறேன். 16 ஜிபிக்குக் குறைவாக எடிட்டிங் என்று சொல்லி எதையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பின்னால் 32 ஆக்கிக்கொள்ள போர்டில் ஸ்லாட் காலியிருக்கிறதா என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

விண்டோஸுக்கும் நடக்கிற வேலைக்கும் 500 ஜிபியில் என்விஎம்இ என்கிற அதிவேக எஸ்எஸ்டி வேண்டும். முடிந்த கல்யாணங்களை வைத்துக்கொள்ளப் பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க்கே போதும், ஆனால் இரண்டாக வேண்டும். ஒரு கல்யாணத்தில் 3,000, 4,000 படம் எடுக்கிறார்கள். கேமரா பதிவுசெய்தபடியே இருக்கும் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி என்றால் ஒரு கல்யாணத்துக்கே 100 ஜிபி. தாலி கட்டுகிற நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. ஒரு டிஸ்க் போனால் இன்னொன்றில் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாலே வாங்கிவிடுவார்கள்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் லைட்ரூமில் ஏஐ டினாய்ஸ் வந்த பிறகு அதற்கும் ஒரு நியாயம் வந்திருக்கிறது. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கேமராவின் ஒளி உணர்திறனை, ஐஎஸ்ஓவை, 6400 வைத்து எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக வருவதைத் துடைத்துவிடுகிறது. தனிக் கார்டு இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆகும். படம் எடுக்கிறவரே ரா கோப்பிலிருந்து எடிட் செய்கிறார் என்றால் 8 ஜிபி கார்டு ஒன்று போட்டுக் கொடுங்கள். ஜேபெக் வாங்கி ஆல்பம் அடுக்குகிற என்னைப் போன்றவளுக்கு பிராசசரில் இருக்கிற கிராபிக்ஸே போதும். முதலில் வேலையைக் கேளுங்கள் என்றது இதற்காகத்தான்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்கு மனசு ஆறவில்லை. என்னிடம் டிசைன் கற்றுக்கொண்ட பெண் ஒருத்தி, பக்கத்துக் கிராமம், கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கலாம் என்று வளையலை அடகு வைத்து, போன வருடம் ஒரு சிஸ்டம் வாங்கினாள். 'ஐ7' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் நான்காம் தலைமுறை ஐ7. 2013-இல் வந்த பிராசசர், யாரோ ஓர் அலுவலகத்தில் ஓட்டிக் கழித்தது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 கூட அதைவிட வேகமாக ஓடும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி இடம், விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய சிஸ்டம் விற்பதில் தவறில்லை. பலருக்கு அதுதான் கட்டுப்படியாகும், நானும் ஆரம்பித்தது அப்படி ஒன்றில்தான். தலைமுறை எண்ணையும் வருடத்தையும் பில்லில் எழுதி விற்றிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். அவள் அந்த வளையலை இன்னும் மீட்கவில்லை.

மேக் மினி வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 கடைசியில் வந்த எம்4 மாடலில் 16 ஜிபியிலிருந்தே தொடங்குகிறது, போட்டோ வேலைக்கு நல்லது. ஆனால் அதில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, மானிட்டரும் தனியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்களால் மட்டுமே ஆகக்கூடிய ஓர் உதவியும் இருக்கிறது. திரையில் வைத்து நிறத்தை அளந்து சரிசெய்கிற கருவி ஒன்று உண்டு, ஸ்பைடர் போல. அதை ஓட்ட டிஸ்ப்ளேகேல் என்ற இலவச மென்பொருளே இருக்கிறது. கருவியின் விலை ஒரு மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வருவதால் என் போன்ற ஒருத்தி தனியாக வாங்குவது கஷ்டம். கடைக்கு ஒன்று வாங்கி வையுங்கள். மானிட்டர் விற்கும்போது நிறத்தையும் சரிசெய்து, அச்சு வேலைக்குத் தக்கபடி வெளிச்சத்தை 100, 120 நிட் அளவுக்கு இறக்கிக் கொடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துத் தர ஒரு கட்டணம் வைத்தாலும் சந்தோஷமாகக் கொடுப்போம். ஒவ்வோர் ஊரிலும் போட்டோகிராபர் சங்கம் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்தும் செய்யலாம்.

கடைகளில் வரிசையாக இருக்கும் மானிட்டர்களில் எப்போதும் கிளியும் கடல் மீனும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கிளி நேரில் என்ன நிறம் என்று நமக்கு யாருக்கும் தெரியாது, அதனால் எந்த மானிட்டரும் அழகாகத்தான் தெரியும். அந்த வரிசையில் ஒன்றிலாவது ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தைப் போட்டு, அதே படத்தின் அச்சைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அந்தக் கைக்குழந்தைக்காரி இந்த ஆடியில் மறுபடி கடைக்கு வருகிறாள், நானும் கூட வருவேன். கையில் ஒரு பென்டிரைவும், லேபிலிருந்து வந்த 12க்கு 36 ஷீட் ஒன்றும் இருக்கும். ஷீட்டில் மயில்கழுத்துப் பட்டுக் கட்டிய பெண்தான் இருக்கிறாள், இரண்டாம் முறை சரியாக அச்சடித்தது. பென்டிரைவில் இருக்கும் அதே படத்தை எந்த மானிட்டரில் போட்டால் ஷீட்டில் இருப்பது போலத் தெரிகிறதோ, அதற்கு பில் போடுங்கள். மீதிப் பணத்தில் என்ன வருமோ அதை வைத்து சிஸ்டம் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து ஆல்பம் டிசைன் செய்யும் உங்கள் சகோதரி,
மன்னார்குடி