மின்சாரத்தின் மீது நான் போட்ட பழி

அன்புள்ள தம்பிக்கு,

இந்த நவம்பரோடு 15 ஆண்டுகள் ஆகின்றன. கொழும்பில் இளைஞர்கள் முன்னால் நீ பேசிய காணொளியைப் பார்த்த பிறகு, இனியும் மறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். நீ விளையாடிய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைச் சேமித்து வைத்திருந்த மெமரி கார்டை மின்வெட்டு அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன்.

கல்லடியில் அன்று மாலை மழை வலுத்ததும் மின்சாரம் போனது. ஃபைனல் ஃபேன்டசி 10 விளையாட்டில் நினைத்த இடத்திலெல்லாம் சேவ் செய்ய முடியாது, ஒளிரும் உருண்டையைத் தேடிப் போய்த்தான் செய்ய வேண்டும். நீ அதைத் தொட்ட நேரம் பார்த்துத் திரை இருண்டது. கார்டுக்கு என்ன ஆனதோ என்ற கலக்கத்தோடே உறங்கப் போனாய். இரவு பத்தரைக்கு மின்சாரம் வந்ததும் பிளேஸ்டேஷனைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. விளையாட்டுக்கு ஒன்றாக மூன்று சிற்றுருவங்கள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. அழிக்கவா என்று மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆம் என்றேன். நீ விளையாடிச் சேர்த்த 61 மணி நேரம், 8 எம்பி கார்டிலிருந்து சில நொடிகளில் போய்விட்டது.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அந்த ஆண்டு வீட்டில் இருந்த நெருக்கடியை இங்கே விரிக்க மாட்டேன். சொந்தக்காரரும் இதை வாசிப்பார்கள். உன் நன்மைக்குத்தான் செய்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கையில் உன் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லையே என்ற எரிச்சல் மறுபாதி.

காலையில் நீ அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேன். கணிதக் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி, எந்த ஊரில் யாரைச் சந்தித்தாய், எந்த ஆயுதத்தை எங்கே எடுத்தாய் என்று 61 மணி நேரத்தையும் நினைவிலிருந்து வரிசையாக எழுதத் தொடங்கினாய். மை தீர்ந்ததும் என் பேனையைக் கேட்டாய். கொடுத்தேன். பரீட்சை முடிந்ததும் உண்டியலை உடைத்துப் புதுக் கார்ட் வாங்கி வந்தாய், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நீ விளையாட்டுகளை உருவாக்குகிறாய். முதலிலிருந்து தொடங்கக் கற்றுத் தந்தது அந்த மின்வெட்டுதான் என்று, தேர்வில் தோற்றுத் தோற்று எழுந்த ஜப்பானிய கார்ட்டூன் நாயகன் நருட்டோவோடு உன்னை ஒப்பிட்டுப் பேசுகிறாய், எல்லோரும் கைதட்டுகிறார்கள். மின்வெட்டுக்கு நன்றி சொல்லத் தெரிந்த உனக்கு, ரியூசன் சொல்லிக் கொடுத்து அந்த மின்கட்டணத்தைக் கட்டியவள் நினைவுக்கு வரவில்லையா? வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டாய். விளங்கவில்லைதான். போன ஆண்டு உன் விளையாட்டை என் கைபேசியில் விளையாடிப் பார்த்தேன். எங்கே நிறுத்தினாலும் தானாகவே சேவ் ஆகிறது. அதை ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க எண்ணி, கேட்காமல் விட்டேன்.

மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் வந்தால் மேசை லாச்சியைத் திறந்து பார். கொப்பியும் பழைய கார்டும் அதில்தான் இருக்கின்றன; கார்ட் இன்னும் வேலை செய்கிறது.

அக்கா