வில்லி லோமனின் வீட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ (1949) என்ற நாடகம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, பழி முழுவதையும் அதன் நாயகனான விற்பனையாளன் வில்லி லோமனின் தலையில் சுமத்தியது ஏற்புடையதன்று; வீட்டாருக்கும் அதில் பங்குண்டு. உயிரை மாய்க்கவென நிலவறையில் கணவன் மறைத்து வைத்த இறப்பர்க் குழாயை அன்றாடம் அகற்றும் அவன் மனைவி லிண்டா, அவனுக்கு அவமானமாகிவிடுமே என்றஞ்சி, அவன் வீடு திரும்பியதும் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறாள். மூத்த மகன் பிஃப் என்பவனோ, பொருள் அனுப்பும் பிரிவில் வெறும் எழுதுவினைஞனாக இருந்தவன், தான் விற்பனையாளனாக இருந்ததாகவே நெடுங்காலம் நம்பியிருக்கிறான். கலியாணப் பேச்சில் வெளிநாட்டுப் பிள்ளையின் உத்தியோகத்தை ஒருபடி உயர்த்திச் சொல்லி, நாளடைவில் தாமே அதை நம்பிவிடும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் உண்டு (பிள்ளையும் மறுத்துரைப்பதில்லை). இந்நாடகத்தை இங்கு மேடையேற்ற முன்வருவோர், லிண்டாவை வெறும் பொறுமைசாலியாகக் காட்டாதிருக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நல்லூர்.