குளச்சல் போரைப் படமெடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கு

மதிப்பிற்குரிய தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நாகர்கோவிலில் ஒரு சரித்திரப் படம் பார்த்தேன். வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வருகிறான், மண்ணின் மக்கள் வில்லும் ஈட்டியுமாக எதிர்க்கிறார்கள். வெளியே வந்ததும் கூட வந்த தம்பி கேட்டான்: "நம்ம குளச்சல் சண்டைய ஏண்ணே யாருமே எடுக்கல?"

திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த சண்டை அது. அதை யாரும் எடுக்காததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். 1956 நவம்பர் 1 வரை குமரிக்காரர்கள் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். ராஜா மார்த்தாண்ட வர்மா கேரளத்துக்காரர் ஆகிவிட்டார், சண்டை நடந்த கடற்கரை தமிழ்நாட்டில் இருக்கிறது. நடுவில் கதை கிடந்து போயிற்று.

என்றைக்காவது உங்களில் ஒருவர் எடுக்கத்தான் போகிறீர்கள். அப்போது ராஜாவைக் குதிரையில் ஏற்றிவிட்டு மற்றவர்களைப் பின்னால் புழுதியில் ஓட விடாதீர்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

சண்டைக்குக் காரணம் மிளகு. மார்த்தாண்ட வர்மா பக்கத்து நாடுகளைச் சேர்த்துக்கொண்டே போனதில் டச்சுக்காரர்களின் மிளகு வியாபாரம் ஆட்டம் கண்டது. இலங்கையிலிருந்த டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் படையெடுப்பேன் என்று மிரட்ட, 'என் மீனவர்களை வள்ளங்களில் ஏற்றி உங்கள் நாட்டுக்கே வருவேன்' என்று ராஜா பதில் சொன்னதாகச் சொல்வார்கள். பஞ்ச் வசனத்துக்கு நீங்கள் தனியாக ஆள் வைக்க வேண்டாம்.

1741-இல் குளச்சலில் இறங்கிய டச்சுப் படை, கடற்கரை ஊர்களைச் சூறையாடிக்கொண்டு கோட்டாறு வரை வந்தது. அப்புறம் ராஜாவின் படை அவர்களைக் குளச்சலிலேயே மடக்கியது. டச்சுக்காரர்களின் முகாமுக்குள் வெடிமருந்தில் குண்டு விழுந்து, சாப்பாட்டுக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் எரிந்துபோனது. அந்த ஆகஸ்டில் சரணடைந்தார்கள். வாள் சண்டை கிளைமாக்ஸ் வேண்டும் என்று இந்த அரிசியை விட்டுவிடாதீர்கள்.

முக்குவர்கள், அதாவது எங்கள் கடற்கரை மீனவர்கள், துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்கள், தூரத்தில் கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கிப் படையாகத் தெரிந்தது என்று ஒரு கதை எங்கள் பக்கம் உண்டு. பனந்தடியை வண்டியில் ஏற்றி பீரங்கிபோல் காட்டியதாகவும் சொல்வார்கள். எவ்வளவு நிஜமோ, சினிமாவுக்கு இதைவிட நல்ல காட்சி வாய்க்குமா? ஆனால் அந்த மீனவனுக்கு ஒரு வீடு வேண்டும், பேச்சு வேண்டும். 'ஏலே' என்று நாலு இடத்தில் போட்டுவிட்டால் அது குமரித் தமிழ் ஆகிவிடாது. அது திருநெல்வேலி. வசனம் எழுதுகிறவரை ஒரு மாதம் குளச்சலில் தங்க வையுங்கள், காலையில் மீன் ஏலம் போடும் இடத்தில் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

லொக்கேஷன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடலை ஒட்டி அழகாக இருக்கிறதே என்று வட்டக்கோட்டையில் கேமராவை வைப்பீர்கள். இன்று நாம் பார்க்கும் அந்தக் கல்கோட்டையைக் கட்டுவித்தது, குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தியதும் அவர்தான். சண்டை முடிந்து எழுந்த சுவர்களுக்கு முன்னால் சண்டையை எடுத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

வில்லன் அவர்தானே என்பீர்கள். சரி, பாதிப் படம் வரைக்கும்தான். அதன் பிறகு அந்த மனுஷன் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆகி, ஊர் திரும்பாமலே 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அவரோடு பழகித்தான் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை கிறிஸ்தவத்துக்குப் போய் தேவசகாயம் ஆனார். டச்சுக்காரனை வென்ற அதே ராஜாவின் ஆட்சியில் 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் வத்திக்கான் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இது ராஜாவின் பெருமைக்கு இடிக்கிறதே என்று கத்திரி போட நினைத்தால், தயவுசெய்து எங்கள் கதையைத் தொட வேண்டாம்.

எடுப்பதாக இருந்தால் முதலில் கேமரா இல்லாமல் ஒருமுறை வாருங்கள். குளச்சல் வெற்றித்தூண் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நேராகக் கடற்கரைக்கு நடந்து அங்கே வலை பின்னுகிறவர்களிடம் இந்தத் துடுப்புக் கதையைக் கேளுங்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

அன்புடன்,
குமரி மாவட்டத்து ரசிகன் ஒருவன்