பச்சை கேப்சூல் கேட்டு வந்த தம்பி

ஆசிரியருக்கு வணக்கம்.

சிகரெட் பிடிப்பவர்களின் விந்தணுவை வைட்டமின் சி-யும் ஈ-யும் காக்கும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் படித்தேன். பாதி சரி. மீதியை நீங்கள் விட்டுவிட்டதால் எனக்கு வேலை கூடிவிட்டது. சேலம் அம்மாபேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மறுநாளே ஒரு தம்பி அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். பிடித்துக்கொண்டிருந்த சிகரெட்டை வாசலில் நசுக்கிவிட்டு, "அண்ணா, வைட்டமின் ஈ பச்சை கேப்சூல் ஒரு அட்டை குடுங்க" என்றார்.

விந்தணுவின் மேலுறையில் சீக்கிரம் கெடக்கூடிய கொழுப்பு அதிகம். திறந்து வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, புகை அதற்குள் செய்வதும் ஏறக்குறைய அதேதான். உள்ளே இருக்கும் டிஎன்ஏ-வும் முறிகிறது. வழக்கமான விந்துப் பரிசோதனை இந்த முறிவைக் காட்டாது. புகைப்பவர் உடம்பில் வைட்டமின் சி வேகமாகக் கரைவதும் உண்மை; அவர்களுக்குத் தினம் 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதற்கு மாத்திரை எதற்கு? 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவியே தருவார்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையின்மைக்குச் சிகிச்சைக்கு வந்த ஆண்களுக்கு இந்த வைட்டமின்களைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. பின்லாந்தில் சுமார் 29,000 புகைப்பவர்களை வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வந்தது. அதில் பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் சத்து) மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. மாத்திரை விற்றுப் பிழைக்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. ஸ்கேன், ஊசி, கோட்டை மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் எல்லாம் என் மனைவிக்கு. நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதிக்கொண்டிருந்த எனக்கு ஒரு டாக்டரும் டெஸ்ட் எழுதவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது எண்ணிக்கை, ஓட்டம் இரண்டுமே குறைவு. சிகரெட்டை விட்டேன். ஒரு விந்தணு உருவாகி வெளியே வரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும் என்பதால், பழைய சரக்கு தீரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். விட்டதால்தான் பிறந்தாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நாலு வருஷம் அவள் அம்மா கேட்ட பேச்சுக்கு நான்தான் பொறுப்பு.

அடுத்த முறை எழுதும்போது அந்த மூன்று மாதக் கணக்கையும், ஆணுக்கும் முதல் நாளே சோதனை வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி அட்டையை வாங்கிக்கொண்டுதான் போனார். படியிறங்கியவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த டெஸ்ட் எங்கே எடுப்பார்கள் என்று கேட்டார்.

இப்படிக்கு,
வாசகர், அம்மாபேட்டை, சேலம்