‘ஒரு வேளை முழு உணவு’ பானம் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர்

பொருள்: உங்கள் உணவு மாற்றுப் பானத்தின் டப்பாவில் உள்ள வாசகம், மீதித் தூளுக்கான பணம் திரும்பக் கேட்பது

ஐயா / அம்மா,

நான் ஆத்தூர்க்காரன், வயது 54. சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி ஒன்றில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ராத்திரி சாப்பாட்டைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் உங்கள் விளம்பரம் போனில் வந்தது: ‘ஒரு வேளை முழு உணவு, ஒரே கிளாஸில்’. 2,340 ரூபாய் கட்டி ஒரு சாக்லேட் டப்பா வாங்கினேன். 30 வேளைக்கு வரும் என்று போட்டிருந்தது.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். ருசியில் குறை இல்லை. பத்தரைக்கெல்லாம் வயிறு கிள்ள ஆரம்பித்தது. பதினொன்றே காலுக்கு முறுக்கு டப்பாவைச் சத்தம் வராமல் திறக்கப் பார்த்தேன். எவர்சில்வர் மூடி, நடக்கிற காரியமா? “முழு உணவு அதுக்குள்ள செரிச்சிடுச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஒரு வாரம் இதே கதை. அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 248 கலோரி, 14 கிராம் புரதம் என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தேடிப் போனால் பார்கோடுக்குக் கீழே எறும்பு எழுத்தில் ‘200 மி.லி. பாலுடன்’ என்கிறீர்கள். தூளுக்கு மட்டும் பார்த்தால் 33 கிராமில் 128 கலோரி, 8 கிராம் புரதம். மீதி 6 கிராம் நான் காசு கொடுத்து வாங்கும் ஆவின் நீலப் பாக்கெட்டிலிருந்து வருவது. என் வீட்டுப் பாலை உங்கள் வரவில் எழுதிக்கொண்டால் எப்படி? உங்கள் செயலியோ ‘தண்ணீரிலும் கலக்கலாம்’ என்கிறது. எடைக் குறைப்புக்காக ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதில் என்று விற்கும் பொருள் 200 முதல் 400 கலோரி தரவேண்டும் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1991-லேயே வரையறுத்திருக்கிறது. தண்ணீரில் கலந்தால் உங்கள் சரக்கு அந்த வாசலைக்கூடத் தொடவில்லை.

அடுத்தது ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற பச்சை முத்திரை. என்னைப் போன்றவன் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறான். சேர்பொருள் பட்டியலில் இரண்டாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின் நிற்கிறது. அதிக எடையில் உள்ளதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்பது சட்டம். ஆக, டப்பாவில் கணிசமாக இருப்பது அதுதான். மற்றவர்களுக்கு அது வாயில் நுழையாத பெயராக இருக்கலாம். எனக்கு அப்படியில்லை, மாவுச்சத்தோடுதான் என் பிழைப்பே. சோளமோ எங்கள் பக்கத்து மரவள்ளியோ, அந்த மாவைச் சின்னச் சின்னதாக உடைத்தால் கிடைப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது, லேபிளில் சர்க்கரை வரிசையிலும் பெரும்பாலும் வராது. ஆனால் ரத்தத்தில் ஏறும் வேகத்தில் குளுக்கோஸுக்குச் சளைத்ததல்ல.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. இரண்டு கேழ்வரகு தோசை, சட்னி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எனக்கு 160-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் பானத்தைப் பாலில் கலந்து குடித்த நாலு ராத்திரியில் மூன்று ராத்திரி 200-ஐத் தாண்டியது. ஒரு நாள் 218. நாலு நாள் கணக்கு ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனாலும் விரலில் குத்திக்கொண்டவன் நான்.

இதைச் சொல்ல உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். ‘டயட்டீஷியன்’ என்று பேசிய பெண், காலைக்கும் சேர்த்துக் குடித்தால் பலன் தெரியும் என்று இரண்டாவது டப்பாவுக்குத் தள்ளுபடி சொன்னார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிட்டன் ஆய்வு ஒன்றையும் எடுத்துவிட்டார். 2017-ல் வெளியான அந்த ஆய்வு உண்மைதான். நாளுக்கு 825 முதல் 853 கலோரி வரும் பானங்களைக் குடித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அடங்கியது. ஆனால் அவர்கள் எல்லாருக்கும் நோய் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகவில்லை. ஆரம்பித்த அன்றே மாத்திரையை நிறுத்தி, நர்ஸோ டயட்டீஷியனோ தொடர்ந்து பார்த்துக்கொண்டார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் கழித்துச் சாதாரணச் சாப்பாட்டுக்குப் படிப்படியாகத் திருப்பினார்கள். ராத்திரி மட்டும் ஒரு கிளாஸ் கலக்கிக் குடித்துவிட்டு முறுக்கைத் தேடுகிற என் நிலைமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த மாதிரிப் பானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. டீயும் பன்னுமாக மதியத்தை ஓட்டுகிற பையனுக்கு இது தேவலைதான். பாலில் கலந்து குடிக்கும் மாவு என்று விற்றிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ‘முழு உணவு’ என்ற வார்த்தையை எடுங்கள், இல்லையென்றால் அதற்குத் தகுந்ததை உள்ளே போடுங்கள். பால் சேராத கணக்கை முன்பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சடியுங்கள். சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்று அந்தப் பச்சை முத்திரைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், டப்பாவின் இரண்டு பக்கப் படம், மீட்டர் அளவுகள் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

குடித்த 11 வேளைக்கு நான் பணம் கேட்கவில்லை. ஒரு வேளைக்கு 78 ரூபாய் வீதம், மீதி 19 வேளைக்கு 1,482 ரூபாய். டப்பாவை எடுத்துப்போக கொரியர் ஆளை ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள், மற்ற நாளில் வீட்டில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
ஆத்தூர் வாடிக்கையாளர்