மண் கணக்கும் ஒரு தொழில்தான்

ஆசிரியருக்கு,

வன்னி இளைஞர்கள் வேலை தேடி மத்திய கிழக்கிற்குப் புறப்படுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியை வாசித்தேன். கட்டட வேலை என்றால் மேசன், பொறியியலாளர் என்ற இரண்டோடு எங்கள் பிள்ளைகளின் யோசனை நின்றுவிடுகிறது. இடையில் கணிய அளவையாளர் என்றொருவர் இருக்கிறார். வரைபடத்தைப் பார்த்து எத்தனை கியூப் மணல், எத்தனை பை சீமெந்து, என்ன செலவு என்று கணிப்பதும், விலைப்பட்டியல் தயாரிப்பதும், முடிந்த வேலையை அளந்து கொடுப்பனவைப் பரிந்துரைப்பதும் அவர் பொறுப்பு. மத்திய கிழக்கிலும் இவர்களுக்கு நல்ல கேள்வி உண்டு.

அந்தக் கணக்கின் அருமையைப் பட்டுத்தான் அறிந்தேன். மீள்குடியேறிய பின் வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு 550,000 ரூபா கிடைத்தது. கணக்குப் பார்க்க ஆளில்லை; மேசன் வாயால் சொன்னதை நம்பினோம். அத்திவாரத்திற்கே சீமெந்து கூடுதலாகப் போய், சுவர் எழும்பியபோது கூரைக்குப் பணமில்லை. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. இதை இன்றும் மனம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு உள்ளது. சரி, எல்லோருக்கும் அங்கு இடம் கிடைக்காது. எனவே கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் தொழிற்பயிற்சி நிறுவனம் கணிய அளவையியலில் தமிழ்மொழி டிப்ளோமா ஒன்றைத் தொடங்க வேண்டும். வடமாகாணக் கட்டட ஒப்பந்தகாரர்கள் அதில் பயில்வோருக்குத் தங்கள் வேலைத்தளங்களில் ஆறு மாதப் பயிற்சி கொடுக்கலாம்.

வாசகர் ஒருவர்,
தர்மபுரம், கிளிநொச்சி