பனிமூட்டமா, புகைமூட்டமா? தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு சொல்லுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு போகி விடிகாலை. சென்னையில் எங்கள் தெருமுனையே தெரியவில்லை. தொலைக்காட்சியைப் போட்டால், ‘கடும் பனிமூட்டம், வாகன ஓட்டிகள் அவதி’ என்று ஓடிக்கொண்டிருந்தது. பனிதானே என்று மகளுக்கு ஸ்வெட்டரை மாட்டி, கோலம் போட வாசலுக்கு அனுப்பினேன். அவளுக்கு ஆஸ்துமா. அரை மணி நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, நெபுலைசர் வைக்கும்படி ஆகிவிட்டது. டயர் கருகிய வாடை அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

மூட்டம் அருமையான சொல். ஓடு ஓட்டம் ஆவது போல, மூடு மூட்டம் ஆகிறது. “வானம் மூட்டமா இருக்கு, இன்னைக்கு வடகம் காயாது” என்பார் என் அம்மா. ஆனால் மூடியிருப்பது மேகமா, பனியா, புகையா என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் சொல்ல வேண்டும். அது மாறினால் செய்தியே மாறிவிடுகிறது.

பனிமூட்டம் வெறும் நீர்த்துளிகள். வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருப்பதே தெரியாத அளவுக்கு அடர்ந்தால் அது மூடுபனி. புகைமூட்டம் அப்படியல்ல. அதில் இருப்பவை நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகள்கள். மார்கழிக் காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடும். கொளுத்திய புகை மேலே போக வழியில்லாமல் நம் வாசலிலேயே தங்கிவிடும்.

இரண்டும் கலந்தே வரும் நாட்கள் உண்டு, தெரியும். புகைத் துகள்களின் மேலேயே பனித்துளி படிகிறது. 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதும் அப்படிக் கலந்த மூட்டத்தால்தான். அப்படியானால் ‘பனியும் புகையும் சேர்ந்த மூட்டம்’ என்றே எழுதலாமே. பனிப்புகை என்றும் ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அதில் நிறைவில்லை. காதில் முதலில் விழுவது பனிதான்.

2013 ஜூனில் சுமத்ராவில் எரிந்த காடுகளின் புகை சிங்கப்பூரைச் சூழ்ந்து, அங்கே காற்று மாசுக் குறியீடு 401 வரை போனது. சிங்கப்பூர்த் தமிழர்கள் அதைப் புகைமூட்டம் என்றே சொல்கிறார்கள். பனி என்றால் இயற்கை, யாரையும் கேட்க முடியாது. புகை என்றால் கொளுத்தியது யார் என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வி நம் ஊரிலும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

போகியன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில் காற்றை அளக்கிறது. வானிலை மையத்தின் அறிக்கையும் கையில் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். அடுத்த போகி விடியலில் உங்கள் திரையில் ‘புகைமூட்டம்’ என்று ஓடினால், ஜன்னல்களைச் சாத்திவிட்டு மகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். கோலத்தை நானே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு தாய்